தெரிந்தும் செய்யாமல் இருப்பது ஏன்? நடத்தை அறிவியல் தரும் விளக்கம்

ஹெல்மெட் பேரணி, கண் பரிசோதனை முகாம், டெங்கு ஒழிப்பு, குப்பை பிரித்தல் என்று மதுரையில் எந்தத் திட்டம் எதிர்பார்த்த பலன் தராமல் போனாலும், செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: “மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.” அதன் பிறகு தமுக்கம் மைதானத்திலிருந்து இன்னொரு பேரணி புறப்படும். பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து வெயிலில் நடப்பார்கள். துண்டறிக்கைகள் கைமாறும். நிலைமை பெரிதாக மாறாது.

மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் செய்துவிடுவார்கள் என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. ஆனால் ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்று தெரியாத ஒருவரை மதுரைச் சாலைகளில் தேடிப் பிடிப்பது கஷ்டம். சர்க்கரை வியாதிக்காரருக்கு எதைச் சாப்பிடக் கூடாது என்று தெரியும். சிகரெட் அட்டையில் புற்றுநோய்ப் படமே அச்சாகியிருக்கிறது. தெரிந்துகொள்வதற்கும் செய்வதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை ஆராயும் துறைதான் நடத்தை அறிவியல். அதை விளங்கிக்கொள்ள உதவும் நல்ல சான்றுகளில் ஒன்று மதுரையிலேயே இருக்கிறது.

அடிப்படை: மூன்று கருத்துகள்

உளவியலும் பொருளாதாரமும் சந்திக்கும் இடத்தில் வளர்ந்த துறை இது. மனிதர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இது சொல்வதில்லை. எந்தச் சூழலில் எப்படி நடக்கிறார்கள் என்று கவனிக்கிறது, சூழலை மாற்றினால் நடத்தையும் மாறுகிறதா என்று சோதிக்கிறது. கட்டுரையின் மற்ற பகுதிகளுக்குத் தேவையான மூன்று கருத்துகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

1. அளவுக்குட்பட்ட பகுத்தறிவு. 1978-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் முன்வைத்தது. எல்லா வழிகளையும் எடைபோட்டுச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க மனிதருக்கு நேரமும் இல்லை, தகவலும் இல்லை, அவ்வளவு யோசிக்கத் தெம்பும் இல்லை. “இது போதும்” என்று தோன்றும் இடத்தில் நின்றுவிடுகிறோம். அன்றாட வாழ்க்கை ஓடுவதே அப்படித்தான்.

2. இழப்பின் கனம். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய ஆய்வின் மையக் கருத்து இது. ஆயிரம் ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட ஆயிரம் ரூபாய் தொலையும் வலி பெரிது. அதனால் கையில் இருப்பதை இழக்கும் சிறிய அபாயம் இருந்தால்கூட, பெரிய நன்மையை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறோம். கானமனுக்கு 2002-ல் நோபல் கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-லேயே இறந்துவிட்டார்.

3. இன்றைய சாய்வு. இன்று படும் சிரமம் பெரிதாகவும், பின்னால் வரும் நன்மை சிறிதாகவும் தெரிவது. மாத்திரையை நாளை முதல் ஒழுங்காகப் போடலாம், நடைப்பயிற்சியைத் திங்கட்கிழமை தொடங்கலாம் என்பதெல்லாம் இந்த வகை. 2017-ல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் இதைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்.

இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர ஓர் எளிய சட்டகம் இருக்கிறது. சூசன் மிச்சியும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 2011-ல் வெளியிட்டது. ஒரு செயல் நடக்க மூன்று வேண்டும்: செய்யும் திறன், செய்வதற்கான வாய்ப்பு, செய்யத் தூண்டும் உந்துதல். அறிவு என்பது திறனில் ஒரு பகுதி மட்டுமே. துண்டறிக்கை தொடுவது அந்த ஒரு பகுதியைத்தான்.

கண் முகாம்: இலவசமாகக் கொடுத்தும் வராதவர்கள்

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவைச் சிகிச்சை செய்தவர். கண்புரையால் பார்வை இழந்தவர்களுக்கு ஒரு சிறிய அறுவைச் சிகிச்சையில் பார்வையைத் திருப்பித் தர முடியும். கிராமம் கிராமமாக முகாம் நடத்தினார்கள். ஏழைகளுக்குச் சிகிச்சை இலவசம். தகவல் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், கட்டணம் இல்லை. கூட்டம் அலைமோத வேண்டும்.

அப்படி நடக்கவில்லை. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. முகாம் நடந்த ஊர்களிலேயே, கண்ணில் குறை இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். மீதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள்.

விழிப்புணர்வு இல்லை என்று இதையும் முடித்திருக்கலாம். நல்ல வேளையாக, வராதவர்களின் வீடு தேடிப் போய் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். திட்டம் தோற்கும்போது வந்தவர்களை எண்ணுவது வழக்கம். வராதவர்களிடம் பேசுவது அபூர்வம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், இரண்டு கண்ணிலும் புரை விழுந்த ஓர் அப்பத்தாவை மனதில் வைத்துக்கொள்வோம். ஆட்டுக் கொட்டகைக்கும் அடுப்படிக்கும் எத்தனை எட்டு என்று அவர் காலுக்குத் தெரியும். உப்பையும் சீனியையும் விரலால் தடவிப் பார்த்துப் பிரிப்பார். முகாமுக்கு வரச்சொல்லி வீட்டுக்கு வரும் இளைஞரிடம் அவர் சொல்லக்கூடியது இதுதான்: “கண்ணு தெரிஞ்சு நான் என்ன ராசா, பேப்பரா படிக்கப் போறேன்? வயசானா மங்கத்தான் செய்யும்.” இந்த ஒரு பதிலுக்குள் பல காரணங்கள் ஒளிந்திருக்கின்றன.

1. சமாளித்துவிட முடிகிறது. பார்வை ஒரே நாளில் போகவில்லை. பல ஆண்டுகளாக மெல்ல மங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தன்னைப் பழக்கிக்கொண்டார். இழப்பு கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததால் இழந்ததாகவே தோன்றவில்லை.

2. பயம். கண்ணில் கத்தி வைப்பார்கள். இருக்கிற மங்கல் பார்வையும் போய்விட்டால்? கானமன் சொன்ன இழப்பின் கனம் இங்கே முழு எடையோடு உட்கார்ந்திருக்கிறது. வரப்போகும் தெளிவான பார்வை வெறும் வாக்குறுதி. இருக்கும் மங்கல் பார்வை கையிருப்பு.

3. இலவசம் என்பதன் உண்மையான விலை. சிகிச்சைக்குக் காசில்லை, சரி. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, கூட வரும் மகனின் கூலி எல்லாம் காசுதான். மகனுக்கு இரண்டு மூன்று நாள் வேலை போகும்.

4. யார் கூட வருவது, ஆட்டை யார் பார்ப்பது. மேலுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் முடிவைத் தீர்மானிப்பது பல சமயம் இதுதான். வயதான பெண் என்றால் அவரை அழைத்துப் போகலாமா என்று முடிவெடுப்பவரும் பெரும்பாலும் வேறொருவர்.

இந்த நான்கில் எதையும் துண்டறிக்கை தொடாது. அப்பத்தாவுக்குத் தெரியாத எதையும் அது சொல்லவும் போவதில்லை.

இதற்கு முன்பே ஒரு களப் பரிசோதனை நடந்திருந்தது; அதன் முடிவு 1991-ல் வெளியானது. தென்னிந்தியக் கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து எட்டு விதமான அணுகுமுறைகளைச் சோதித்தார்கள். சில ஊர்களில் சிகிச்சை மட்டும் இலவசம். சில ஊர்களில் போக்குவரத்தும் உணவும் சேர்த்து எல்லாச் செலவும் ஏற்கப்பட்டது. சில ஊர்களில், ஏற்கெனவே கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசினார். முழுச் செலவையும் ஏற்ற ஊர்களில் சிகிச்சைக்குச் சம்மதித்தவர்கள் கூடுதல். சிகிச்சை செய்துகொண்டவர் நேரில் வந்து பேசியதற்கும் பலன் இருந்தது. அவர் கொண்டுவந்தது தகவல் அன்று. அதே கிராமத்து மண்ணில் நடந்து, அதே வயதில், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறார். அந்த ஆளைப் பார்த்த பிறகு பயம் சொல்வதற்கு மிச்சம் அதிகமில்லை.

இன்றைக்கு அரவிந்த் முகாம் நடக்கும் முறையில் இந்தப் புரிதலைக் காணலாம். முகாமில் புரை என்று தெரிந்தால் “மதுரைக்கு வந்து சேருங்கள்” என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவதில்லை. பேருந்து வாசலில் நிற்கிறது, அன்றே ஏற்றிச் செல்கிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகப் போகிறார்கள், ஒன்றாகத் தங்குகிறார்கள், திரும்பக் கொண்டுவந்தும் விடுகிறார்கள். சாப்பாடு அங்கேயே. கூட மகன் வரவேண்டிய கட்டாயம் குறைகிறது. கண்ணாடி தேவைப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் முகாம் இடத்திலேயே தயார் செய்து கொடுத்துவிடுகிறார்கள். சீட்டோடு வீட்டுக்குப் போனவர் கடைக்குப் போவதற்குள் நூறு வேலை குறுக்கே வரும் என்பது தெரிந்து வகுத்த முறை இது.

அதோடு நிற்கவில்லை. முகாம் ஒரு நாள் வந்துவிட்டுப் போய்விடும். தேவையோ அடுத்த மாதமும் இருக்கும். 2000-க்குப் பின் சிறு ஊர்களில் நிரந்தரமான கண் பரிசோதனை மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் அங்கே பரிசோதிக்க, மருத்துவர் தொலைவிலிருந்து இணையவழியில் பார்த்துப் பரிந்துரைக்கிறார். பேருந்து ஏறி ஒரு நாள் கூலியை விட வேண்டியிருந்த வேலை, சந்தைக்குப் போகிற வழியில் முடிகிற வேலையாக மாறியது.

ஹெல்மெட்: ஒவ்வொரு பயணமும் தவறான பாடம் நடத்துகிறது

2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்பு 100 ரூபாயாக இருந்த அபராதம், 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 2022 அக்டோபரில் இங்கே 1,000 ரூபாய் ஆனது. இன்றும் கோரிப்பாளையம் வரும்வரை கைமுட்டியில் தொங்கிய ஹெல்மெட், போலீஸ் கண்ணில் பட்டதும் தலைக்கு ஏறி, பாலம் தாண்டியதும் டேங்க் மேல் இறங்குவதைப் பார்க்கலாம்.

அந்த ஹெல்மெட்டை அவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். கையோடு கொண்டுவந்தும் இருக்கிறார். தெரியாமல் செய்கிறார் என்று சொல்ல இடமே இல்லை. பிறகு என்ன காரணம்?

முதலாவது, சிரமம் இப்போது, நன்மை எப்போதோ. சித்திரை வெயிலில் நெற்றி வியர்வை கண்ணில் இறங்குகிறது. கொண்டை போட்டு மல்லிகை வைத்த பெண்ணுக்கு ஹெல்மெட் தலையில் உட்காராது. கடைக்குள் போனால் அதை எங்கே வைப்பது என்ற தொல்லை வேறு. இவை எல்லாம் நிச்சயம், விபத்து அப்படியல்ல.

இரண்டாவது காரணத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. சிம்மக்கல்லிலிருந்து காளவாசலுக்கு ஹெல்மெட் இல்லாமல் போய் ஒன்றும் ஆகாமல் வந்து சேர்ந்தால், “ஒன்றும் ஆகாது” என்ற நம்பிக்கை கொஞ்சம் கூடுகிறது. மறுநாளும் அப்படியே. பல நூறு பயணங்கள் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்த பிறகு, பேரணியில் கேட்ட ஒரு வாசகம் எடுபடாது. அனுபவம் நல்ல ஆசிரியர்தான். ஆனால் அரிதாக நடக்கும் ஆபத்தைப் பொறுத்தவரை அது தவறாகவே சொல்லித் தருகிறது.

மூன்றாவது, அபராதம் எதைத் தண்டிக்கிறது என்பது. போலீஸ் நிற்கும் இடத்தில் மட்டும் பிடித்தால், போலீஸ் இருக்கும் இடத்தில் ஹெல்மெட் போட வேண்டும் என்பதையே மக்கள் கற்றுக்கொள்வார்கள். குற்றவியல் ஆய்வுகள் பல காலமாகச் சொல்வது, தண்டனையின் அளவைவிடப் பிடிபடும் நிச்சயமே நடத்தையை மாற்றும் என்பதுதான். 100 ரூபாயை 1,000 ஆக்குவதைவிட, பத்தில் ஒருவர் பிடிபடும் நிலையைப் பத்தில் ஐந்து ஆக்குவது அதிகம் வேலை செய்யும்.

அபராதம் எதிர்பாராத விளைவையும் தரலாம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் நடந்த ஆய்வு இது. உரி நீஸியும் ஆல்டோ ரஸ்டிச்சினியும் 2000-ல் வெளியிட்டார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறிய அபராதம் விதித்தபோது தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் இருந்தது. காசு கட்டத் தொடங்கியதும் அது கட்டணம் ஆகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

ஊரோடு ஒத்துப்போவது

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது நமக்கு ஒரு தகவல், நம் மேல் ஓர் அழுத்தமும்கூட. நம் பக்கத்து விசேஷ வீடுகளில் மொய்யை நோட்டில் எழுதுவதும், சில ஊர்களில் மைக்கில் பெயரும் தொகையும் வாசிப்பதும் இதை நன்றாகக் காட்டுகின்றன. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத ஒரு தொகை தலைமுறைகளாகத் தவறாமல் திரும்பி வருகிறது. கணக்கு எழுத்தில் இருக்கிறது, ஊர் கேட்கிறது, அடுத்த விசேஷம் நம் வீட்டிலும் வரும்.

இதே விசை எதிர்ப்பக்கமும் இழுக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் பார்வையாளர்கள் எடுத்துப்போகும் ஒரு தேசியப் பூங்காவில் ராபர்ட் சியால்டினி குழுவினர் இரண்டு வகை அறிவிப்புப் பலகைகளைச் சோதித்தார்கள். “எடுக்காதீர்கள்” என்று மட்டும் சொன்ன இடத்தில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் 1.67 விழுக்காடு காணாமல் போனது. “நிறையப் பேர் எடுத்துப்போய்விட்டார்கள்” என்று வருத்தத்தோடு சொன்ன இடத்தில் 7.92 விழுக்காடு. “மதுரையில் பெரும்பாலானோர் ஹெல்மெட் அணிவதில்லை” என்று தலைப்பிடும் செய்தி நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதாக இருக்கலாம். வாசகர் காதில் “யாரும் போடவில்லை, நாமும் போடாவிட்டால் தப்பில்லை” என்று அது விழும்.

பற்றாக்குறை: யோசிக்கும் சக்தியையே தின்பது

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சரக்கெடுக்கும் ஒரு பெண், காலையில் 950 ரூபாய் கடன் வாங்கி மாலையில் 1,000 ஆகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வட்டி 50. அந்த 50 ரூபாயை 19 நாள் சேர்க்க முடிந்தால் 950 ரூபாய் சொந்த முதலாகிவிடும்; அதன்பின் கடனே வேண்டாம். கணக்கு அவருக்குத் தெரியாதா? பூவை முழம் போட்டு, விலை பேசி, வாடுவதற்குள் விற்றுத் தீர்ப்பவருக்கு நம்மில் பலரைவிடக் கணக்கு நன்றாகவே தெரியும்.

சென்னை கோயம்பேட்டுச் சந்தையில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். சிறு வியாபாரிகளின் கடனை ஆய்வாளர்களே முழுவதும் அடைத்துவிட்டார்கள். வெகு சீக்கிரத்தில் பலர் திரும்பக் கடனுக்குள் வந்துவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு சாவு, மழையில் அழுகிய சரக்கு என்று ஒரே ஓர் அடி போதும். தாங்கிக்கொள்ளக் கையிருப்பு இல்லாத இடத்தில் முதல் கரைந்துவிடும்.

அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தமிழ்நாட்டின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். வெட்டுக்கு முன்னால், கையில் காசில்லாத காலத்திலும், வெட்டு முடிந்து பணம் வந்த பிறகும் அதே ஆட்களிடம் அதே வகைச் சிந்தனைப் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். பணம் வருவதற்கு முன்பு மதிப்பெண் குறைந்திருந்தது. ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. கடன், அடகு, பள்ளிக் கட்டணம் என்று மனம் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இந்த முடிவு எவ்வளவு வலுவானது என்று பின்னர் விவாதம் நடந்தது. ஆனாலும் “ஏழைகள் யோசிக்காமல் முடிவெடுக்கிறார்கள்” என்ற பழைய வசவைத் திருப்பிப் போட்ட ஆய்வு அது. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புக்குப் பணம் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்த எவருக்கும் அதன் பொருள் புரியும்.

நம் பெண்கள் நடத்தும் சீட்டு இந்தத் தொல்லைக்கான பதில்களில் ஒன்று. கையில் இருந்தால் கரையும் பணத்தை, கை படாத இடத்தில் முன்கூட்டியே கட்டிவைப்பது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி இதே போல, தேதியோ தொகையோ எட்டும்வரை எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கைத் தந்தபோது, ஓராண்டில் அந்த வாய்ப்பு தரப்பட்டவர்களின் சராசரிச் சேமிப்பு, தரப்படாதவர்களோடு ஒப்பிடும்போது 81 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது என்று 2006-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சீட்டுக்கு ஆபத்தும் உண்டு. பக்கத்து வீட்டார் போட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் பதிவில்லாத சீட்டில் பணத்தைக் கொட்டுவதும் இதே மனித இயல்பின் இன்னொரு முகம்தான்.

இந்தத் துறையை எவ்வளவு நம்பலாம்?

முழுக்க நம்பக் கூடாது. உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெரிய முயற்சி 2015-ல் வெளியானது. முடிவு உறுதியானது 36 விழுக்காட்டில்தான். நேர்மையைக் கூட்டும் வழி என்று புகழ்பெற்ற ஓர் ஆய்வு, தரவு போலியானது என்று தெரியவந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. சிறு மாற்றங்களால் நடத்தையைத் திருப்பலாம் என்று ஆய்விதழ்களில் வந்த பரிசோதனைகளில் சராசரி விளைவு 8.7 விழுக்காட்டுப் புள்ளிகள். அரசு சார்ந்த குழுக்கள் களத்தில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது கிடைத்தது 1.4 மட்டும் என்று 2022-ல் வெளியான ஓர் ஒப்பீடு காட்டியது. பயனில்லை என்று இதற்குப் பொருளில்லை, மந்திரமும் இல்லை.

எனக்குப் பெரிதாகத் தெரியும் ஆபத்து வேறு. பேருந்து விடாமல், மருத்துவரை நியமிக்காமல், சாலையைச் சீர்செய்யாமல், மலிவான தூண்டுதல்களால் காரியத்தை முடித்துவிடலாம் என்று ஆட்சியாளர்கள் நினைத்துவிடலாம். கண் முகாம் வெற்றியில் பெரும்பங்கு பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் உரியது. அவற்றுக்குக் காசு செலவாகும்.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016-ன் திடக்கழிவு விதிகளிலிருந்தே சட்டம். “மக்கள் ஒத்துழைக்கவில்லை” என்று ஒரு செய்தி வந்தால், இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. செய்ய முடிகிறதா? ஓர் அறை வாடகை வீட்டில் இரண்டு கூடை வைக்க இடம் எங்கே?

2. வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்கிறதா? காலையில் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் தெருவில் ஒன்பது மணிக்கு வண்டி வந்தால், பை தெருமுனைக்குத்தான் போகும்.

3. பக்கத்து வீடுகள் செய்கின்றனவா? செய்வது கண்ணுக்குத் தெரிகிறதா?

4. செய்ததற்கு என்ன பலனைக் கண்ணால் பார்க்கிறார்கள்? ஒரு குடும்பம் காய்கறிக் கழிவைத் தனியே, பிளாஸ்டிக்கைத் தனியே கட்டிக் கொடுக்கிறது. இரண்டும் அவர்கள் கண்ணெதிரே ஒரே தொட்டியில் கொட்டப்பட்டால், அன்றைக்கே அந்தப் பழக்கம் முடிந்தது. அந்த வீட்டுக்குத் தேவை இன்னொரு துண்டறிக்கை அல்ல, வண்டியில் ஒரு தடுப்புத் தகரம்.